நேர்காணலில் சொன்ன மாத்தாள் கதை

எங்கள் மேனேஜர் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை மீட்டிங்கில் இருந்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்று வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினார். மறுநாள் காலையில் கம்பெனி சாட்டில் அவர் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. போய் வருகிறேன் என்று ஒரு மெயில்கூட இல்லை. பன்னிரண்டு வருஷம் இருந்த மனுஷன். மத்தியானம் மேலிடத்திலிருந்து எனக்கு மெயில் வந்தது. அந்த வேலைக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுக்கிறோம், மூன்று வாரத்தில் நேர்காணல், தயார் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதே மெயிலின் அடியில், 'டீம் லீட்' என்கிற பதவி இந்த வருஷத்தோடு எடுக்கப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. நான் டீம் லீட். வயது நாற்பத்து நான்கு. மேனேஜர் ஆகு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்பதை எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு இந்த வயதில் இன்னொரு சாப்ட்வேர் வேலை தேடுவது நடக்கிற காரியமில்லை. சென்னைக்கே திரும்பலாம் என்றால், அப்பா படுத்த படுக்கையாக இருந்தார்.

கொரோனாவில் ஊருக்கு அனுப்பியவர்கள் எங்களைத் திரும்பக் கூப்பிடவேயில்லை. நானும் என் டீமில் இருந்த ஒருவனும் சேர்ந்து, விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்திருந்தோம். இரண்டு மேசை, ஒரு இன்வெர்ட்டர், எந்நேரமும் கீழிருந்து ஏறி வரும் மருந்து வாடை. அவன் புதூர்ப் பக்கத்துக்காரன். ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பம். அவன் அப்பா காலத்தில்தான் புஞ்சை வாங்கி வெள்ளாமைக்கு வந்தார்கள். தினம் ஒரு மணி நேரம் பைக் ஓட்டி வருவான். என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னைவிட நல்ல எஞ்சினியர். நேர்காணலில் சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் நேர்காணலில் ப்ரோகிராம் எழுதச் சொல்ல மாட்டார்கள். கதை கேட்பார்கள். உங்கள் டீமில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள், சரியாக வேலை செய்யாத ஒருவரை எப்படி நடத்தினீர்கள், எல்லோருக்கும் பிடிக்காத ஒரு முடிவை எப்போது எடுத்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, நான் செய்தது இது, விளைந்தது இது என்று மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும். இந்தக் கேள்விகளையெல்லாம் அவன்தான் எங்கெங்கோ தேடித் தொகுத்து வந்தான். காலை எட்டு மணிக்கு, வேலை தொடங்குவதற்கு முன்னால், நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். சட்டைக் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, சென்னை அதிகாரி மாதிரி மூக்கால் இங்கிலீஷ் பேசுவான். நான் சிரித்துவிடுவேன். அவன் சிரிக்க மாட்டான்.

"அண்ணாச்சி, நீங்க பதில் சொல்லையில கூரையப் பாக்குதீங்க. அங்கன ஒண்ணும் எழுதியிருக்காது. கேமராவைப் பாருங்க."

எனக்குத்தான் கதை இல்லை. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் சொல்லும்படியாக ஒரு சண்டைகூட நான் போட்டதில்லை. யாரையும் கண்டித்ததில்லை, யாரையும் தூக்கிவிட்டதும் இல்லை. நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, "போதும்லே, எனக்கு இது ஆகாது" என்று லேப்டாப்பை மூடினேன்.

"ஏன் ஆகாது? நம்ம மாத்தாள் கதையைச் சொல்லுங்க" என்றான்.

மாத்தாள் என்பது எங்கள் பக்கத்துப் புஞ்சைகளில் உள்ள வழக்கம். இன்றைக்கு உன் புஞ்சைக்கு நான் வேலைக்கு வருகிறேன், நாளைக்கு என் புஞ்சைக்கு நீ வா. கூலி கிடையாது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் போனதில்லை. எங்களுக்கு நிலம் கூடுதல், ஆள் வைத்துத்தான் வேலை. அவனுடைய வீட்டில் அப்படித்தான் விதைப்பும் அறுப்பும் நடந்தன. அதை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் டிக்கெட் என்று பெயர். டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதைச் செய்ததாகக் கணக்கு. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்ததும் அவன் ஊருக்குப் போயாக வேண்டும். கரிசலில் இரண்டு நாள் கால் வைக்க முடியாது, அதன்பின் நாலே நாள்தான் விதைக்கப் பதம். விட்டால் அந்த வருஷத்து உளுந்தும் மக்காச்சோளமும் இல்லை. கம்பெனியோ லீவுக்குப் பதினைந்து நாள் முன்னால் விண்ணப்பிக்கச் சொல்லும். மேகத்துக்கு அந்த விதி தெரியாது. அதனால் அந்த ஒரு வாரம் அவன் பாஸ்வேர்டில் நுழைந்து அவன் டிக்கெட்டுகளை நான் முடிப்பேன். எனக்குத் தேவை வரும்போது என்னுடையதை அவன் செய்வான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் என் வேலை முழுவதையும் அவன்தான் இழுத்தான். யாருக்கும் தெரியாது. ஒரு டிக்கெட்கூடப் பிந்தவில்லை. இதில் தப்பு இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. ஊரில் ஒருத்தன் புஞ்சையில் இன்னொருத்தன் களை எடுத்தால் யாராவது அதைத் திருட்டு என்பார்களா?

"நல்ல கதை அண்ணாச்சி. கேக்கிறவிய அசந்துருவாவ" என்றான் அவன். உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து, அழகான இங்கிலீஷில் எழுதியும் கொடுத்தான்.

நான் அதைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்தேன். செய்யச் செய்ய, அவன் எனக்காக உழைத்த பாதி உறுத்தியது. மூன்று வாரம் வேலைக்கு வராத ஆளை மேனேஜராக எடுப்பார்களா? ஒரு நாள் காலையில், ஆஸ்பத்திரிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். கதை சுருக்கமாக, எடுப்பாக இருந்தது. கஷ்டப்படுகிற தொழிலாளி ஒருவன், அவனைத் தாங்குகிற தலைவன் ஒருவன். எதிரே கேட்டுக்கொண்டிருந்த அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

"நேரம் கூடுதலா இருந்துச்சுன்னு வெட்டிட்டேன்" என்றேன்.

"சரி அண்ணாச்சி. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

அந்த நாட்களில் மழையும் வரவில்லை. தினமும் மூன்று மணிக்கு மேற்கே கருக்கும். கடைத்தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வெக்கையான காற்று ஒரு சுற்று புழுதியை அள்ளி வீசிவிட்டுப் போகும், மேகமும் கூடவே போய்விடும். கீழே கடைக்காரரிடம் விதை வாங்கி வைத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து ஒன்றும் வாங்காமல் நின்றுவிட்டுப் போனார்கள். சாட்டில் இன்னும் இரண்டு சாம்பல் வட்டங்கள் வந்தன. அவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் காலையில் வணக்கம் சொல்கிறவர்கள்கூட இப்போது சத்தம் காட்டாமல் வந்து போனார்கள்.

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போது மனிதவளத்துறையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். இனிமையான குரல். மக்கள் சம்பந்தப்பட்ட கடினமான முடிவுகள் பற்றி உதாரணங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்து அதையே சொன்னார். என்ன மாதிரி முடிவு என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியும்" என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

நேர்காணல் பகல் பதினொன்றுக்கு. வீடியோவில் மூன்று பேர். அவன் கீழே கடை வாசலில் நின்றுகொண்டான், மின்சாரம் போனால் ஓடிவந்து இன்வெர்ட்டரைப் பார்க்க. முதல் அரைமணி நேரம் மென்பொருள் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. நான் மாத்தாள் கதையைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். கேமராவைப் பார்த்துச் சொன்னேன். இந்த ஏற்பாடே என் யோசனை என்பதுபோல் சொல்லி முடித்தேன். நடுவில் இருந்த பெரியவர் சிரித்தார். ஓரத்தில் இருந்த இனிமையான குரல் பெண் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் அந்த வாரங்களில் அவர் வேலை செய்யவில்லை. செய்ததாகப் பதிவாகியிருக்கிறது. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

"எத்தனை வருஷமாக?"

சொன்னேன்.

"அவர் பெயர்?"

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்ட உடனேயே எதற்கென்று புரிந்துவிட்டது. ஆனாலும் பெயரைச் சொன்னேன். தயங்கினால் வேலை போய்விடும் என்று பயந்து, முழுப் பெயரையும் சொன்னேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

முடிந்து இறங்கி வந்ததும், "எப்படி அண்ணாச்சி?" என்று ஓடிவந்தான். "நல்லா போச்சுலே" என்றேன். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். அதைக் குடிக்க முடியவில்லை, பாதியைக் கீழே ஊற்றினேன்.

மூன்றாம் நாள் மழை வந்தது. வந்தது என்றால், புதூர் முதல் எப்போதும்வென்றான் ஊர் வரை ஒரே அடியாக அடித்துத் தீர்த்தது. அவன் மழையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். நான் வழக்கம்போல அவன் டிக்கெட்டுகளைச் செய்ய உட்கார்ந்தேன். அவன் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்கக் கை வரவில்லை.

மறுநாள் எனக்கு நியமனக் கடிதம் வந்தது. வாழ்த்துகளுக்குக் கீழே, டீமிலிருந்து இரண்டு பேரை வேலையைவிட்டு நீக்க வேண்டும், முதல் பெயர் உறுதியாகிவிட்டது என்று இருந்தது. நேர்காணலில் நீங்கள் வெளிப்படையாகச் சொன்ன தகவல் மிகவும் உதவியது, நன்றி என்றும் எழுதியிருந்தார்கள்.

நான் வீட்டிலிருந்து அந்த மனிதவளத்துறைப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.  அவன் எனக்காக மூன்று வாரம் அதே மாதிரி செய்திருக்கிறான் என்று சொன்னேன்.

 "இதை நீங்கள் நேர்காணலில் சொல்லவில்லையே. பரவாயில்லை, எழுதி அனுப்புங்கள். உங்கள் நியமனத்தையும் மறுபடி பரிசீலிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்" என்றார். மிரட்டல் இல்லை. இனிமையாகத்தான் சொன்னார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. அன்றைக்கும் எழுதவில்லை, அடுத்த நாளும் எழுதவில்லை. அப்பாவைக் காரணம் காட்டுவது சுலபம். அப்பா இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு தாள் வந்தது. வேலையிலிருந்து எடுக்கப்படுகிறவரிடம் மேனேஜர் பேச வேண்டிய வாசகங்கள், மொத்தம் ஏழு. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது, மன்னிப்புக் கேட்கக் கூடாது, காரணத்தை விவாதிக்கக் கூடாது. திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பேச வேண்டும். முன்னதாகப் பழகிக்கொள்ளும்படி குறிப்பும் இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் அறைக்குப் போனபோது அவன் வந்திருந்தான். முழங்கால்வரை கரிசல் காய்ந்து அப்பியிருந்தது. விதைத்து முடித்த கையோடு வந்திருக்கிறான். எனக்கு மேனேஜர் வேலை கிடைத்தது அவனுக்கு யார் மூலமோ தெரிந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை! ஊர்ல டவர் இல்ல, நீங்க கூப்பிட்டிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "என் லாகின் வேற ஓபன் ஆகமாட்டேங்குது. அத அப்புறம் பாப்போம். பத்தரைக்கு உங்களுக்கு ஏதோ மீட்டிங்னு உங்க மேசைக் காலண்டர்ல பாத்தேன். மேனேஜரா மொத மீட்டிங்கா? வாங்க, ஒருக்க சொல்லிப் பாப்போம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

நான் தாளை எடுத்தேன். நேரே சொல்லத் தைரியம் இல்லை. அதனால்தான் வாசித்தேன். இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது. முதல் வாசகம், இரண்டாவது வாசகம் என்று ஏழையும் வாசித்தேன். அவன் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான்.

"பாவம். இது ரொம்ப முறட்டுத்தனமா இருக்கு அண்ணாச்சி. நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க, கேக்கிறவன் மூச்சு விடட்டும்" என்றான். அப்புறம்தான் கேட்டான். "யாருக்கு இது?"

அப்போதும்கூட நான் வேறு யார் பெயரையாவது சொல்லி, இன்னும் இரண்டு மணி நேரத்தைக் கடத்தியிருக்கலாம்.

"உனக்குத்தாம்லே" என்றேன்.

கீழே கடையில் யாரோ விதை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னொருக்க வாசிங்க அண்ணாச்சி. இப்போ நான் கேக்குதேன்" என்றான்.

வாசித்தேன். எங்குமே நிறுத்தவில்லை.