பிரகதாவுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

என் மகள் பிரகதாவுக்குப் பதினெட்டு வயது. அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும். இட்லியா தோசையா என்றால் ‘எதுன்னாலும் சரிம்மா’ என்பாள். கூடப் படிக்கிற இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டால், இரண்டு பேருமே அவளைத் தன் கட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். மடையை அடைத்துவிட்டு வா என்று அவள் அப்பா அனுப்புவார். பக்கத்து வயல் காத்தான், ‘இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி ஓடட்டுமேம்மா’ என்பார். அவருக்கும் தலையாட்டிவிட்டு வரப்பில் நின்று முழிப்பாள். இது நல்லதா, கள்ளமா, எனக்குப் பிடிபட்டதே இல்லை.

போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் அப்பா பஞ்சநதத்துக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒற்றைப் பிள்ளை, ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்? பாபநாசத்தில் பஸ் ஏறினால் கும்பகோணம் காலேஜுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

“இங்கயே படிக்கிறியாடி?” என்றேன்.

“சரிம்மா.”

வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி. மறுநாள் பார்த்தால் இவர் புதுப் பெட்டியோடு வந்து நிற்கிறார்.

“என்னங்க இது?”

“கோயம்புத்தூருக்குத்தான். போறேன்னு அவதான சொன்னா!”

அதிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. அவளோ அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் பக்கம் தீராத வழக்கெல்லாம் அதில்தான் தீரும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் கோயம்புத்தூர், சிவப்பு வந்தால் கும்பகோணம். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துப் பொட்டலம் கட்டச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். நான் கட்டினால் இவர் சந்தேகப்படுவார், இவர் கட்டினால் நான் சந்தேகப்படுவேன். அவளுக்குத்தான் எந்தப் பக்கமும் கிடையாதே!

மாரியம்மன் கோயிலில் பூசாரி சாமிதுரை பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மனே சொன்ன பிறகு நான் யார்? கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாண்டு சும்மா இருந்ததா? மிச்சமிருந்த பொட்டலத்தையும் பிரித்துவிட்டது. அதிலும் வெள்ளை.

“அடிப்பாவி!” என்று நான் கத்தியதில் பூசாரியே திடுக்கிட்டுப் போனார்.

“சாமிகிட்டயேவா பிரகதா?” என்றார் இவர்.

“போகணும்னா என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடி? சரி சரின்னியே, நான் நம்பிக்கிட்டு இருந்தேனே!”

அவள் முகம் சிவந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

“சொன்னா நீ அழுவம்மா. நீ அழுதா நான் இருந்துடுவேன். சாமி அழாதுல்ல?”

எனக்கு வந்தது கோபமா, வெட்கமா, இன்றைக்கும் தெரியவில்லை. பளாரென்று ஒன்று விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்றுகூடப் புரியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

“இப்பக் கேளு. நான் அழல” என்றேன்.

“நான் போகட்டுமாம்மா?”

இத்தனை வருஷம் நான் வளர்த்தது இவளைத்தானா என்று குழம்பிப் போய் அவளையே பார்த்தேன். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமலே, “போயிட்டு வா” என்றேன்.