சனிக்கிழமை மாணவி

நேர்காணலுக்கு வந்த அன்று அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே, "சனிக்கிழம மட்டும் வந்தா போதுங்களா சார்?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்காக எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் பகுதிநேர முனைவர் படிப்பை வடிவமைத்தபோது, சனிக்கிழமை வகுப்பை நான்தான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தேன். மாணவர் கணினித் துறையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியைக் கல்லூரியின் ஆய்வுக் குழு சேர்த்தது. தொழில்துறையினருக்கான படிப்பு என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

அவள் மரக்காணத்துப் பெண். பெற்றோர் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். வாரம் முழுக்கச் சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு வெள்ளியன்று ஊர் திரும்புவாள். மறுநாள் காலை புதுச்சேரி அருகே இருந்த எங்கள் கல்லூரிக்குப் பஸ் ஏறுவாள். அளத்துப் பக்கம் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து அனுப்பும் தகவல் தொலையாமல் போய்ச் சேர்வது எப்படி என்பதுதான் அவள் ஆய்வு.

ஆய்வேட்டில் ஒரே ஓர் இயல் மீதி இருந்தபோது அவளுடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. "என்னையும் அனுப்பிட்டாங்க சார்" என்றாள். வேலை போனதால் ஆய்வுப் பதிவும் செல்லாது என்றது குழு. முழுநேர மாணவியாக மாறினால் தினமும் வரவேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அதனால் ஊரிலேயே ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தாள். அவரும் மகிழ்ச்சியோடு பணிச் சான்று கொடுத்தார். குழு அதை ஏற்கவில்லை. உப்பு வியாபாரம் கணினித் துறை ஆகாதாம். நான் எவ்வளவோ வாதாடினேன். "ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாரும் கேப்பாங்க சார்" என்று தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நேரில் சொல்லிவிடலாம் என்று மரக்காணம் போனேன். மழைக்காலம். உப்புப் பாத்திகளில் வெறும் தண்ணீர் நின்றது. குழுவின் முடிவைச் சொன்னேன்.

"படிக்கணும்னா வேல வேணும்னீங்க. இப்ப வேல இருக்குது. இதுவும் செல்லாதுன்னா நான் என்னதாங்க சார் பண்றது?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பார்க்கலாம்மா" என்றேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

போன மாதம் கடைசி இயல் மின்னஞ்சலில் வந்தது. "முடிச்சிட்டேன் சார், பாத்து சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினேன். நன்றாக முடிந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பிக்கலாம்' என்று எழுதுவது என் வழக்கம். இது எல்லா வகையிலும் அதற்குத் தகுதியானது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

"தேங்க்ஸ் சார்" என்று மட்டும் பதில் வந்தது.