ஹீட்டருக்குப் பக்கத்தில் பாடிய வாள்

வேறெந்த மெசினும் பழுதோடு மட்டும்தான் கடைக்கு வரும். மரம் அரிகிற சங்கிலி வாள் பழுதோடு ஒரு பொய்யையும் கூட்டிக்கொண்டு வரும். "நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது." பெற்றோலுக்குள் எண்ணெய் கலக்க மறந்தவர், மரமென்று நினைத்துக் கல்லை அரிந்தவர், வாளின் மேல் காரை ஏற்றியவர் எல்லோரும் சொல்வது இதைத்தான். தையல் மெசினோ, தண்ணீர்ப் பம்போ, வானொலிப் பெட்டியோ திருத்திக் கொடுத்துவிட்டுப் பேச்சும் வாங்கிய அன்பர்களே, நீங்கள் என்னுடைய ஆட்கள். உங்களுக்கு இதெல்லாம் விளங்கும்.

தையல் மெசின் தந்த காது

தொண்ணூறுகளில் கனடாவில், செயின்ட்-மிஷேலில் இவர் ஒரு சின்னத் திருத்தகம் வைத்திருந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். கோடையில் புல் வெட்டும் மெசின், குளிர்காலத்தில் பனி தள்ளும் மெசின், வருடம் முழுக்கச் சங்கிலி வாள். நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இவருடைய கடையில் கவுண்டரில் போய் நின்றேன்.

வரிசை வரிசையாக மெசின்கள் இரையும் மண்டபத்தில், என் மெசினுக்கு மட்டும் எங்கேயோ நோகிறதென்று கண்டுபிடித்துப் பழகிய காது என்னுடையது. ஒருநாள் இவர் ஒரு வாளை முறுக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று கீழே வைத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சத்தம் மெலிந்து, கீச்சென்று, சாப்பிடாத பிள்ளை அழுவதுபோல் இருந்தது. "இஞ்சாருங்கோ, இதுக்குப் பசிக்குது" என்றேன். இவர் சிரித்துக்கொண்டே காபரேற்றரில் பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைக் கொஞ்சம் திறந்தார். வாள் தொண்டையைச் செருமிக்கொண்டு தடித்த குரலில் ஓடத் தொடங்கியது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்தால் எஞ்சின் சூடேறி, பிஸ்டன் உரசுப்பட்டு, வாள் அப்படியே செத்துப்போகும் என்று அன்றைக்குத்தான் இவர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரையும் என் கையில் தந்தார்.

"இந்தா, பசி பாக்கிற வேலை இனி உன்ரை."

பின்னால் என்று ஒரு இடம்

கியோம் மரம் ஏறுகிறவன். ஒல்லியான ஆள். தங்கை கீழே நின்று கயிறு பிடிக்க, அவன் மேலே தொங்கிக்கொண்டு கிளை அரிவான். ஏறுகிறவர்களின் வாள் சின்னது. பிடி பின்னால் இராது, எஞ்சினின் தலைமேலேயே இருக்கும். கயிற்றில் தொங்குகிறவன் உடம்போடு அணைத்துவைத்து வேலை செய்ய அதுதான் வசதி. அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, நோயாளிப் பூனையை வைப்பதுபோல் கவுண்டரில் வைத்தான். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று அவன் சொல்லவில்லை. அதிலேயே எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய கிளையைப் பாதி அரிந்துகொண்டிருக்கும்போது வாள் நின்றுவிட்டதாம். கிளை தன் பாரத்திலேயே கிழிந்து, அவன் தன்னைக் கட்டியிருந்த தண்டை நோக்கித் திரும்பி வந்திருக்கிறது. விலா எலும்பு முறிவோடு தப்பிவிட்டான். அவன் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னான். வாள் வேகமாக அரிய வேண்டும், பாதியில் மட்டும் நிற்கவே கூடாது என்றான். பெரிய வாளாக ஒன்று வாங்கினால் என்ன என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அந்தப் பாரத்தை நாள் முழுக்க மேலே தூக்க ஏலாதாம்.

"கீழே வாள் நின்றால் நீங்கள் ஒரு அடி பின்னால் போவீர்கள், மதாம். மேலே எனக்குப் பின்னால் என்று ஒரு இடமே இல்லை."

மூக்கடைப்பு

சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், புகை போகும் துவாரம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதற்குள்ளும் ஒரு வலை, வலை முழுக்கக் கரி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்? இவர் துவாரத்தை அகலமாக்கி, ஓரத்தை அரத்தால் மழுக்கினார். வலையைச் சுத்தம் பண்ணித் திரும்பவும் பூட்டினார். பொறி பறந்து எங்கேயாவது பற்றிக்கொண்டால் பேந்து யார் பதில் சொல்வது? புகை தாராளமாகப் போனால் காற்றும் தாராளமாக வரும், வாளுக்குப் பசியும் கூடும். அந்தப் பசிக்கு அளந்து ஊட்டியது நான்.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கதவைப் பூட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதற்குப் பக்கத்து மேசையில்தான் எந்த வாளுக்கும் நாங்கள் சுருதி கூட்டுவோம். புகை போக ஒரு குழாயை வெளியே விட்டிருந்தோம். குளிருக்குள் நின்று வேலை செய்வது கனடாக்காரரின் விருப்பம், எங்களுக்கு என்ன நேர்த்திக்கடனா? அங்கேயே ஒரு மேப்பிள் கட்டையை இறுக்கிவைத்துக் கியோமை அரியச் சொன்னோம். முன்பு மாவாகக் கொட்டிய தூள் இப்போது துருவிய தேங்காய்ப்பூவாக வந்து குவிந்தது. பூனை அளவு மெசின், அந்தத் தடித்த கட்டையை ஒரு மூச்சில் கடந்துவிட்டது. நானும் இவரும் வாயைத் திறந்தபடி நின்றோம். கியோம் வாளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"இது என்னுடைய வாள்தானா, மதாம், இல்லை இதன் அண்ணனா?"

துள்ளல்

ஆசை யாரை விட்டது? வாளை இன்னும் கொஞ்சம் வேகமாக்கலாம் என்று இவருக்கு ஒரு யோசனை. சங்கிலியின் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இவர் அரத்தை எடுத்து மேடுகளை எல்லாம் தாராளமாகத் தேய்த்துவிட்டார். அடுத்த கட்டையில் வைத்ததும் வாள், கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல் ஒரு துள்ளுத் துள்ளியது. கியோம் அதை நிற்பாட்டி, மெதுவாக மேசையில் வைத்து, சங்கிலியைக் கழற்றி இவரிடம் நீட்டினான்.

"வேகம் எனக்கு, மிஸ்யூ. துள்ளல் உங்களுக்கு."

வாள் விற்காத கடை

அந்தக் குளிர்காலத்தில் வானத்திலிருந்து பனி விழாமல் தண்ணீர் விழுந்து, விழுந்த இடத்திலேயே கட்டியானது. மின்கம்பியில் இருந்து புல் நுனிவரை எல்லாம் கண்ணாடி. அது ஓய்ந்த பிறகு ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிப்பிக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மேப்பிளாம். அதன் தடித்த கிளையொன்று பனிக்கட்டி பிடித்த பாரத்தில் பாதி வெடித்து, அவர்கள் படுக்கும் அறைக்கு நேர் மேலே நிற்கிறதாம். "வைஃப் ரெண்டு நாளா சோபாலதாம்மா தூங்கறா" என்றார்.

அவர் கேட்டது, நாங்கள் திருத்தி விற்க வைத்திருந்த, கியோமுடையது போன்ற ஒரு சின்ன வாள். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தானே அரிந்துவிடுவாராம். பார்க்கக் கையடக்கமாக இருந்ததில் மனிதர் மயங்கிவிட்டார். அலகின் நுனி மரத்தில் பட்டால் வாள் துள்ளி நேரே முகத்துக்கு வரும் என்று நான் கையால் செய்து காட்டினேன். விற்க மாட்டேன் என்று சொல்லிக் கியோமுக்கு ரெலிபோன் எடுத்தேன். பேராசிரியர் இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, வாள் கடை வச்சிருக்கீங்க, வாள் கேட்டா ஆளத் தர்றீங்க?"

ரொக்ஸ்பரோ மேப்பிள்

என் காது ஊட்டி வளர்த்த வாள் மேலே என்ன செய்கிறதென்று பார்க்க ஆசைப்பட்டு நானும் போனேன். மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததும் வந்த விஷயம் மறந்துபோயிற்று. மூன்று மாடி உயரத்துக்கு முழு மரமும் கண்ணாடி. வெயில் பட்டு நுனிவரை எரிந்தது. காற்று அசைந்தால் ஆயிரம் கண்ணாடி வளையல் ஒன்றாகக் கலகலத்தது. இவ்வளவு அழகான ஒன்று ஒரு மனுஷியை நித்திரை கொள்ள விடாமல் பண்ணுகிறதே என்று நினைத்தேன். அதற்குள் கியோம் காலில் போட்ட சப்பாத்தின் இரும்பு முள்ளைக் குத்திக் குத்தி ஏறி, எங்களுக்குக் கையளவாகத் தெரிந்தான்.

சின்னக் கிளைகளை அரியும்வரை ஒன்றும் இல்லை. பெரிய கிளைக்குப் போக முன்னர் வாளை ஒருமுறை முறுக்கினான். அந்தக் கீச்சு. கடையில் தடித்த குரலில் பாடிய அதே வாள், மேலே பசியில் அழுகிறது. இதோடு அரியத் தொடங்கினால் பாதியில் பிஸ்டன் பிடித்து நிற்கும், கிளை கிழிந்து அவன்மேல் வரும். "நிப்பாட்டு!" என்று தமிழில் கத்தினேன். அவன் காதில் மூடி. தங்கையின் கையைப் பிடித்து உலுப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை, வாள் தொங்கும் கயிற்றைச் சுண்டினாள். கியோம் கீழே பார்த்தான். வாள் கயிற்றில் இறங்கி வந்தது.

"கடையில நல்லாத்தானே ஓடினது!" என்று நான் அழாக்குறையாகச் சொல்ல, பேராசிரியர் கிட்ட வந்தார். கடைக்குள் எவ்வளவு சூடு என்று கேட்டார். வெறும் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்றேன். அவர் தன் மூச்சுப் புகையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியதாம். அதே துவாரத்தால் காற்று நிறைய நுழைகிறது, பெற்றோல் மட்டும் பழைய அளவு. பசி என்று எனக்குத் தெரியும், ஏன் பசி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க உங்க ஹீட்டருக்கு ட்யூன் பண்ணியிருக்கீங்க, மரத்துக்குப் பண்ணல."

குளிருக்குள் ஒரு சுருதி

கையுறையோடு அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடியாது. கழற்றினேன். இரும்பு விரலில் ஒட்டிக்கொண்டது. தங்கை வாளை அமர்த்திப் பிடித்து முறுக்க, நான் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது. கடைசியில் அந்தச் செருமல் கேட்டது. தடித்த குரல். வாள் மேலே போயிற்று.

பெரிய கிளையில் அவன் அதை வைத்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தேங்காய்ப்பூ அவன் இடுப்பிலிருந்து வெயிலுக்குள் கொட்டியது. குரல் ஒரு இடத்திலும் மெலியவில்லை. கிளை மெல்ல முறிந்து, தங்கையின் கயிற்றில் ஊசலாடி, கண்ணாடி எல்லாம் சொரியச் சொரிய, கூரையைக்கூடத் தொடாமல் முற்றத்தில் வந்து படுத்தது. அது நின்ற இடத்தில் நீல வானம் திறந்து கிடந்தது. பேராசிரியரின் மனைவி ஜன்னலில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். மேலே இருக்கிறவனையா, அவனுக்கும் மேலே இருக்கிறவனையா கும்பிட்டார் என்று தெரியவில்லை. எனக்கும் கும்பிடத்தான் வந்தது, விறைத்த விரல் நிமிரவில்லை. கியோம் இறங்கி வந்து என் கையைத் தன் தொப்பிக்குள் பொத்தி வைத்தான்.

"இனி இந்த வாள் உங்கள் கடைக்குள் வராது, மதாம். நீங்கள்தான் வெளியே வர வேண்டும்."

அன்று தொடக்கம் ஹீட்டர் இவருக்கும் முற்றம் எனக்குமாகத் தொழில் பிரிந்துபோனது. திருத்துகிற தொழிலில் பெயர் எடுப்பது என்றால் மூக்கு ஒழுக ஒழுக வெளியே நிற்பதுதான் என்று, என்னுடைய ஆட்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?