தானாக ஓடிய அம்புக்குறி

அரவேணு என்ற மலையூரில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், நான் கை வைக்காமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. ஒரு மணப்பெண்ணின் படங்கள் இருந்த ஃபோல்டர் தானாகத் திறந்தது.

யாரோ இணையம் வழியாக லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டார்கள் என்று வைஃபையை அணைத்தேன். அப்போதும் அம்புக்குறி ஓடியது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கிய எழுத்துருவின் மேல் சந்தேகம் போனது. மொத்தத்தையும் அழித்து லினக்ஸைப் புதிதாகப் போட பென் டிரைவை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று, லினக்ஸை முதலில் போட்டுக்கொடுத்த குன்னூர் மாலதிக்கு போன் செய்தேன்.

"அழிச்சுப்போடாதீங்க்கா! நெட்டே இல்லாம வெளியாளு எப்படிங்க நகர்த்துவான்? செட்டிங்ஸ்ல, வெரல் தேய்க்கிற அந்த டச்பேடை ஆஃப் பண்ணுங்க."

நம்பிக்கையில்லாமல்தான் மவுஸைச் செருகி, டச்பேடை அணைத்தேன். அம்புக்குறி அப்படியே நின்றது.

"லேப்டாப்ப எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"ஜன்னலோரமாத்தான் மாலதி. மிஸ்ட் பொகையாட்டம் உள்ள வந்துட்டு இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். டச்பேட் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை விரலென்று நினைத்துத்தான் அது அம்புக்குறியை ஓட்டியிருக்கிறது. துடைத்துக் காயவைத்ததும் சரியாகிவிட்டது.

அந்தக் கல்யாணப் படங்களுக்கு என்னிடம் வேறு நகல் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அழித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? சந்தேகப்படுவதை இன்னும் நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் படங்களை வேறொரு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் சந்தேகப்படவே ஆரம்பிக்கிறேன்.