டேங்க் மேல் வைத்துக் கொண்டுபோன பை

நான்கு வருடம் என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். உறவு ஒன்றும் கிடையாது. காரைக்குடியில், வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் கல்லலிலிருந்து வருகிறேன். அவர் வீடு அரியக்குடியில். எனக்கு அது கொஞ்சம் சுற்றுவழி. அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பைக் என் கணவருடையது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விற்றுவிடலாம் என்றார். நான் கியர் வண்டி பழகிக்கொண்டேன். ஆரம்பத்தில் ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

வண்டியை விட லேப்டாப்தான் எனக்குப் பெரிய தொல்லை. வரைபட வேலைக்கான லேப்டாப் நல்ல கனம். அதன் சார்ஜர் ஒரு செங்கல். சாயங்காலம் திருத்தம் வந்தால் வீட்டிலிருந்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் தினமும் தூக்கிக்கொண்டு போய் வரவேண்டும். கூடவே மவுஸ், ஹார்ட் டிஸ்க், நோட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். முதுகில் மாட்டி ஓட்டினேன். ஒரே மாதத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆயிற்று. டேங்க் மேல் வைத்தால் வளைவில் வழுக்கியது. ஒருநாள் புளிக்குழம்பு கசிந்து சார்ஜர் வயர் வரைக்கும் போய்விட்டது.

அக்கா ஏற ஆரம்பித்த பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. தன் பையை முதுகில் மாட்டிக்கொள்வார், என் பையை மடியில் வைத்து அணைத்துக்கொள்வார். சாப்பாட்டு டப்பாக்களை ஒரு கூடையில் தனியாகப் போட்டு வண்டிக் கொக்கியில் மாட்டச் சொன்னவர் அவர்தான். லேப்டாப்பைப் பழைய துண்டில் சுற்றி அதன் மேல் பிளாஸ்டிக் கவர் போடவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுத்தா, பைய நான் பாத்துக்கிறேன்" என்பார். பள்ளம் வரும்போது பையை மடியிலிருந்து இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பிடிப்பார், உள்ளே இருக்கும் டிஸ்க் அதிரக்கூடாதென்று. அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். யாரும் என் பொருளை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

போன வருடம் ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்திலிருந்து எனக்கு மெயில் வந்தது. இதே வேலைதான், ஆனால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆன்லைன் நேர்காணலுக்கு நாள் கேட்டிருந்தார்கள். டீ நேரத்தில் அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். அவர் போனை வாங்கி நிதானமாக, கீழே வரைக்கும் தள்ளிப் படித்தார்.

"வேணாம்த்தா" என்றார். "என் ஒன்னுவிட்ட தம்பி அங்க சேந்து மூணே மாசத்துல ஓடி வந்துட்டான். பேசுறது ஒன்னு, செய்யறது ஒன்னு. வீட்ல ஒக்காந்து வேலங்கிறது மொதல்ல நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப வேணாங்கிறீகளா?"

"நான் வேணாங்கல. ஒனக்குச் சின்னப் புள்ள இருக்கு. யோசிச்சுக்க."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வரவில்லை என்று பதில் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வண்டியில் போகும்போது அதைச் சொன்னதும் பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நான் கிளம்பும் நேரத்தில் போன் செய்தார். "முழங்கால் வீங்கிக் கெடக்கு, இன்னிக்கி வரல. என் லேப்டாப்ப சார் கேட்டாக, ஏதோ சாப்ட்வேர் ஏத்தணுமாம். அத மட்டும் கொண்டுபோய்க் குடுத்துர்றியா?"

அரியக்குடிக்குப் போனேன். அவருடைய கணவர் தெருமுனைக்கே பையைக் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர், அன்று "பாத்துப் போங்க தங்கச்சி" என்பதோடு திரும்பிவிட்டார். அக்காவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லக்கூட நேரம் தரவில்லை.

என் பை முதுகில். அவர் பை டேங்க் மேல். பாதி தூரத்தில் தூறல் வலுத்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மழை உறை. ஓரமாக நிறுத்தி அதை அவர் பைக்குப் போட்டு, என் துப்பட்டாவால் வண்டியோடு சேர்த்துக் கட்டினேன். பழக்கமில்லாத கையால் கட்டியது. இரண்டு தடவை இறங்கிச் சரிசெய்தேன். என் பை நன்றாக நனைந்தது. அலுவலகத்தில் இறக்கியபோது அவருடையதில் ஒரு சொட்டு ஈரமில்லை. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

மேலாளர் பையைத் திறந்து மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். லேப்டாப், சார்ஜர், மவுஸ். அடையாள அட்டை. இழுப்பறைச் சாவி. பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"கொண்டுவந்தவுகன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுருங்கம்மா."

"என்ன சார் இது?"

"வேலைய விட்டுப் போறவுக திருப்பித் தர்ற சாமான் லிஸ்ட்டு. ஏம்மா, ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்னாகளே."

நான் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தலையிலிருந்து வழிந்த தண்ணீர் அந்தத் தாளில் சொட்டியது.

மீதியை எதிர் வரிசைப் பெண் சொன்னாள். ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. அந்த ஒரு மாதமும் தினம் இரண்டு வேளை என் பின்னால்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். மகளுக்குக் காது குத்த நான் குலதெய்வக் கோயிலுக்கு லீவு போட்டிருந்த அன்று கேக் வெட்டி வழியனுப்பியிருக்கிறார்கள். அவள் போனில் படம் இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "நீ அழுவியாம். அதனால நீ இல்லாத நாளாப் பாத்து வைங்கன்னு அக்காதான் சொன்னாக" என்றாள். எந்த நிறுவனம் என்று கேட்டேன். கோயம்புத்தூர், வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிப் பெயரையும் சொன்னாள்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

போனை அவர் எடுக்கவில்லை. சனிக்கிழமை நேரில் போனேன். ஜன்னல் ஓரம் புது மேசை, அதில் புது லேப்டாப். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கால் வீங்கியதாகத் தெரியவில்லை.

"வாத்தா, ஒக்காரு" என்றார்.

"ஏங்க்கா சொல்லல?"

கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு எடந்தான் இருந்துச்சு. நீ கெட்டிக்காரி. ஒன்னையும் என்னையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒன்னையத்தான் எடுப்பாக. எனக்கு வயசு போயிருச்சுத்தா, இன்னம் எத்தன வருசம் வண்டியில ஏறி எறங்குறது?"

"என்கிட்ட கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்ட" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

"ஒங்க ஒன்னுவிட்ட தம்பி இப்ப என்ன செய்றாக?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்புடி ஒருத்தன் இல்லத்தா" என்றார்.

அவருடைய கணவர் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தார். மறுக்கத் தெரியாமல் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்துவிட்டேன். அக்கா வாசல் வரைக்கும் வந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை உதைத்தேன். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே நிற்க, நான் உதைத்துக்கொண்டே இருந்ததுதான் அந்த நாளிலேயே எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

அந்த நிறுவனத்துக்கு மறுபடி எழுதிப் பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டது என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது.

அக்காவின் நாற்காலிக்கு இரண்டு மாதத்தில் ஒரு புதுப் பெண் வந்தாள். கல்லலுக்குப் பக்கத்துக் கிராமம். பஸ்ஸில் வருகிறாள். லேப்டாப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்து நின்றுகொண்டே வருவதாகச் சொன்னாள். ஒரு சாயங்காலம், "அக்கா, நீங்க நம்ம ஊர்ப் பக்கந்தான போறீக? நானும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எனக்கு இங்குட்டு வேற வேல இருக்கு. நேரா போகல" என்றேன்.

எந்த வேலையும் இல்லை. கால் மணி நேரம் பஜாரில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். பிறகு கல்லல் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பஸ் வந்து என்னைத் தாண்டியது. படிக்கட்டுப் பக்கம் ஜன்னலோரம் அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் காலியாகக் கிடந்த சீட்டையும் பார்த்தாள். சிரிக்க வந்தவள் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.