நினைவு மலரில் நான் எழுதிய பொய்

நான் எழுதியது பொய்.

பேராசிரியரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வீட்டாரால் அச்சிட்டு வழங்கப்பட்ட நினைவு மலரை நீங்கள் பார்த்திருக்கலாம். ‘மாலைகளில் என்னோடு நடந்தவர்’ என்று அதில் ஒரு கட்டுரை இருக்கிறது. வாசித்துவிட்டு அழுததாகப் பலர் எனக்குச் சொன்னார்கள். அதை எழுதியவன் நான்தான்.

அவர் என்னோடு நடக்கவில்லை. ஒருநாள்கூட இல்லை! நான் அவருக்கு ஒளித்திருந்தேன்... என் சொந்த வீட்டுக்குள், ஏறக்குறைய ஒரு வருடம்.

எழுபத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடங்களாகச் சொல்லாமல் இருந்தேன். அதுவும் இலகுவாக இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் புவியியல் கற்பித்தவர் அவர். வகுப்புக்குள் வந்ததும் சுண்ணக்கட்டியை எடுப்பார். கையை ஒருமுறையும் தூக்காமல் இலங்கையின் கரையோரம் முழுவதையும் ஒரே கோட்டில் கீறி முடிப்பார். தொடங்கும் இடமும் முடியும் இடமும் எங்கள் திருகோணமலைத் துறைமுகம்தான்.

“இந்த மூலைக்குள்ள கடல் எவ்வளவு ஆழம் எண்டு ஊர்க்காரர் ஆருக்கும் தெரியுமோ?” என்று ஒருநாள் கேட்டார். ஊர்க்காரன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம்தான் என்னை ஆசிரியனாக்கியது என்றால் நம்புவீர்களா? என் வகுப்புகளில் நானும் அவரைப்போலக் கையைத் தூக்காமல் கீறிப் பார்த்தேன். புத்தளத்தை நெருங்கும்போது கோடு எப்போதும் கோணிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போதும் அவரைத்தான் நினைப்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் தம் முதுமையில் எங்கள் ஒழுங்கைக்கே குடிவந்தார்! இது அவருடைய மனைவியின் ஊர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் மைதிலி கனடாவில். உட்துறைமுகத்துக்கு இறங்கும் இந்த ஒடுங்கிய தெருவின் முனை வீட்டில் தனியாக இருந்தார். நானும் மனைவியை இழந்தவன். ஒரு ஆளுக்குச் சமைத்து, ஒரு கோப்பை கழுவி வைக்கிறவன். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பின்னேரம் நாலரைக்கு வாசற் படலையைத் தட்டுவார். “தம்பி, நிக்கிறீரோ? வாருமன், கடக்கரை மட்டும் நடந்திட்டு வருவம்.”

எனக்கு முழங்கால் நோ என்று சொல்லி விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுப்பேன். முழங்காலில் நோ இருந்தது உண்மை. நடக்க முடியாத அளவுக்கு இருக்கவில்லை. அவர் வாயைத் திறந்து பேசவேண்டும், நான் இருந்து கேட்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. மீண்டும் மாணவனாக!

அவரோ மலச்சிக்கலைப் பற்றிப் பேசினார். எரிவாயுச் சிலிண்டரைத் திருகத் தெரியாததைப் பற்றிப் பேசினார். தொலைபேசியைத் தந்து, எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்; மறுநாளும் அதையே கேட்டார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்க்கும்போது அது உடைந்து விழ, விரலை விட்டு எடுத்துச் சாப்பிட்டார். நான் பொறுக்காமல் அந்தப் பழைய கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேட்டேன். “துறைமுகத்தின்ர ஆழம் எவ்வளவு சேர்?”

“அதெல்லாம் மறந்துபோச்சுத் தம்பி. உம்மட கிணத்துத் தண்ணியும் உப்போ?”

என்னுள் ஏதோ அறுந்தது... எனக்கு வேண்டியிருந்தவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். வந்திருந்தவர் ஒரு கிழவர். என்னைப்போல இன்னொரு கிழவர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லையா? இன்றும் தெரியவில்லை.

ஒருநாள் படலைச் சத்தம் கேட்டதும் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. மறுநாள் முதல் நாலேகாலுக்கே வாசல் செருப்பை உள்ளே எடுத்துவைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். வியர்வை வழிய, மூச்சுச் சத்தமும் கேட்காதபடி நிற்பேன்.

பக்கத்து வீட்டுப் பரமேஸ் நான் சொல்லிக் கொடுத்தபடி வேலிக்கு மேலால், “மாஸ்டர் நிலாவெளிக்குப் போட்டார் சேர்” என்பாள். அவர் ஒழுங்கை திரும்பியதும் என்னைக் கூப்பிடுவாள்.

“மாஸ்டர், வெளியில வாங்கோ, ஆபத்து நீங்கிட்டுது! ஒவ்வொருநாளும் நிலாவெளிக்குப் போறியள், ஒரு சூடை மீனாவது கொண்டுவரப்படாதோ?”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

ஒரு பின்னேரம் அடுப்பில் கடலை அவிந்துகொண்டிருந்ததை மறந்துபோனேன். அவர் படலையில் நிற்கும்போது குக்கர் பெரிதாகக் கூவிற்று. பாய்ந்து அடுப்பை நிறுத்தினேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. யன்னல் இடுக்கால் பார்த்தேன். அவர் கதவையே பார்த்தபடி நின்றார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. யாரோ குளிக்கும் இடத்துக்குத் தவறிப் போய்விட்டவர்போலக் கூச்சம்தான் இருந்தது.

“சரி தம்பி... நீர் ஆறுதலா இரும்” என்றார் கதவைப் பார்த்து. போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவேயில்லை. நான் நிம்மதியடைந்தேன். நீங்கள் இதைக் கவனிக்கவேண்டும். வருந்தவில்லை, நிம்மதியடைந்தேன்!

ஐந்து மாதங்களின் பின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆசுபத்திரியில் இரண்டு நாள் இருந்து காலமானார். கனடாவிலிருந்து வந்த மைதிலி, செத்தவீட்டில் என் பெயரைக் கேட்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“தர்மலிங்கம் அங்கிள் நீங்களோ? நான் வேலைக்கு வெளிக்கிடேக்க அப்பாவுக்கு ஃபோன் எடுப்பன். ‘தர்மலிங்கத்தோட நடந்துகொண்டிருக்கிறன், பிறகு எடு பிள்ளை’ எண்டுவார், விழுறதுக்கு முதல்நாளும் அப்பிடித்தான். நீங்கள் பக்கத்தில இருக்கிறியள் எண்ட நிம்மதியிலதான் நான் அங்க இருந்தனான்.”

என் ஒளிப்பைத் தெரிந்துகொண்ட பிறகும், அந்த மனிதர் மகளுக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்... தனக்குத் துணை இருக்கிறது என்று.

அப்போதே சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் வேண்டாமென்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது ஒரே சொல்: “ஓம் பிள்ளை.”

மலருக்கு எழுதித் தரும்படி கேட்டாள். எழுதினேன். நல்ல தமிழில், மனமுருகும்படி எழுதினேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் யாருக்காக?

இப்போது ஞாயிறு தோறும் எடுக்கிறாள். “அப்பாவைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லுங்கோ அங்கிள்.” சொல்கிறேன். மூதூர்ப் படகு வரும்வரை இருவரும் இறங்குதுறையில் நின்றதைச் சொன்னேன். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று அவருடைய குடைத்துணியைக் கடித்து இழுத்ததைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து அழுதாள். எந்த மான்! எந்தக் குடை!

வருகிற வாரம் அவள் வருகிறாள். அப்பாவும் நானும் நடந்த வழியில் தன்னையும் ஒருதரம் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம்.

எனக்கு அந்த வழி தெரியாது. அதனால் நேற்றுப் பின்னேரம் வழியைத் தேடிப் போனேன். இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரைக் ‘காக்கா’ என்பார்கள். விசாரித்தேன்.

“புரபசரையா? ஆஸ்பத்திரிப் பக்கத்தால இறங்கி, கடலோரமா வருவார். இந்த வாங்கிலதான் இருப்பார். தனியத்தான்.” கடலைப் பார்த்தபடி கிடந்த நீள இருக்கையைக் காட்டிவிட்டு, துணியால் மேசையைத் துடைத்தபடி அவரே தொடர்ந்தார். “ஃபோனில மகளோட கதைக்கக்குள்ள, ஆரோ தர்மலிங்கம் பக்கத்தில நிக்கிறார் எண்டு சொல்லுவார். நான் பகிடிக்கு, ‘என்ன சேர், உங்கட தர்மலிங்கம் ஜின்னோ? எங்கட கண்ணுக்குத் தெரியிறாரில்லையே’ எண்டு கேட்டன். சிரிச்சார். ‘நல்ல மனுசன் காக்கா. பாவம், அவருக்குக் கால் ஏலாது’ எண்டார்.”

“நீங்க அவருக்கு என்ன முறை?” என்று கேட்டார். தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து, கடைக்காரர் சொன்ன அந்தக் கடலோர வழியாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பேராசிரியர் சொன்ன பொய் மகளுக்காக. நான் சொன்ன பொய் எனக்காக. இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டன! இப்போது நான் உண்மையைச் சொன்னால் தகப்பனையும் பொய்யராக்குவேன். அவர் அந்த வாங்கில் தனியே இருந்த பின்னேரங்கள் எல்லாவற்றையும் அவள் தலையில் இறக்கிவைப்பேன். சொல்லாவிட்டால் அவளோடு நடக்கவேண்டும். அவள் இதை வாசிக்கவும் கூடும்... வாசித்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இதுவும் ஒரு ஒப்புதலா? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இன்று காலை துணிந்து நானே அவளுக்கு எடுத்தேன். அங்கே இரவு படுக்கப்போகும் நேரம். முதல் வசனத்தைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன்.

“அங்கிள்! இப்பதான் பெட்டி அடுக்கி முடிச்சனான். நடக்கிறதுக்கு என்ன போட்டுக்கொண்டு வர?”

தாளைப் பார்த்தேன்.

“சப்பாத்துக் கொண்டு வா பிள்ளை” என்றேன். “வழி முழுக்கக் கல்லு.”

அது உண்மை. நேற்றுத்தான் பார்த்தேன்.