கேத்திலோடு போனவள்

மரண அறிவித்தல் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. ஒரு தமிழ் இணையத்தளத்துக்காக எட்டு வருடமாகப் பகுதிநேரமாக எழுதுகிறேன். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், பிறகு மருமக்கள், பேரப்பிள்ளைகள், மைத்துனர்கள். குடும்பத்தார் தொலைபேசியில் பெயர்களைச் சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தில் போட்டுக்கொண்டே போவேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரேயோர் அறிவித்தலுக்கு மட்டும் இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது அக்காவுடையது. கூடப்பிறந்தவர் அல்ல. ஊரை விட்டு வந்த பிறகு ஸ்காபரோவில் நான் வேலை செய்த அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தட்டச்சு செய்தவர். பெயர் வேண்டாம். பிள்ளைகள் இருக்கிறார்கள், படித்தாலும் படிப்பார்கள்.

பழைய பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. அமெரிக்கா ஒரு நாடாகத் தொடங்கிய காலத்துப் பத்திரிகைகள். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். அந்த அச்செழுத்து கணினிக்குத் தானாகப் பிடிபடாது. 'எஸ்' எல்லாம் 'எஃப்' போல வளைந்து நிற்கும், பாதி மை ஊறிக் கிடக்கும். ஆகவே மனிதர் பார்த்துத் தட்டவேண்டும். போர், சட்டம், கப்பல், பெரிய மனிதர்கள் எல்லாம் வந்த செய்திப் பக்கங்கள் வேறு ஆட்களுக்குப் போயின. எங்கள் இருவருக்கும் விளம்பரப் பக்கம். பெண்கள் இருந்தது அந்தப் பக்கத்தில்தான், அதுவும் காணாமல் போனவர்களாக.

வீட்டை விட்டுப் போன மனைவியைப் பற்றிப் புருசன்மார் காசு கட்டிப் போடும் விளம்பரங்கள் அவை. என் மனைவி இன்னாள் என்னை விட்டுப் போய்விட்டாள், அவளுக்கு யாரும் இடம் கொடுக்கக்கூடாது, அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை. நாள் முழுக்க இதே பாட்டு. எசமானர்கள் போட்டவையும் இருந்தன. ஓடிப்போன அடிமைப் பெண்ணின் கன்னத்தில் எந்தப் பக்கம் தழும்பு, என்ன நிறத்தில் பாவாடை, இடுப்பில் எத்தனை மாதக் குழந்தை. இவர்களில் பலரைப் பற்றி வேறு எங்கும் ஒரு வரி கிடையாது. பிறந்து வளர்ந்து உழைத்துச் செத்த ஒரு பெண்ணைப் பற்றி மிஞ்சியது, அவள் யாரிடமிருந்து ஓடினாளோ அவன் எழுதிய ஆறு வரி.

நான் மாடு மாதிரித் தட்டிக்கொண்டிருந்தேன். அக்காவால் அப்படி முடியவில்லை. ஒரு நாள் கதிரையை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எடியே, உவன்ரை அழுகையைப் பார். மனிசி போனது பெரிசில்லையாம். தண்ணி சுடவைக்கிற கேத்திலையும் கொண்டு போயிட்டாளாம்."

"சரியான கஞ்சன்" என்றேன்.

"கஞ்சன் கிடக்கட்டும். கேத்திலைக் கொண்டு போனவள் எண்டா, அதை வைக்க எங்கையோ ஒரு அடுப்பு அவளுக்கு இருந்திருக்கு. இவள் கோவத்திலை ஓடினவள் இல்லை. யோசிச்சுப் போனவள்."

அடுத்த நாள் ஒரு கொப்பியோடு வந்தார். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம். மேலே நீல மையில் புருசன் சொன்னது. கீழே பென்சிலில் அவன் தன்னை அறியாமல் சொல்லிவிட்டது. இரண்டு கம்பளி அங்கி எடுத்தாள் என்கிறான், அப்படியென்றால் குளிருக்குள் தூரம் போகப்போவது அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுகிறான், அப்படியென்றால் அங்கே யாரோ கதவு திறந்திருக்கிறார்கள். வாய்க்காரி என்கிறான், அப்படியென்றால் இவள் திருப்பிக் கதைத்திருக்கிறாள். "உவங்களை உவங்கடை வாயாலைதான் பிடிக்கவேணும்" என்று சிரிப்பார். நான் அவரைத் துப்பறியும் அக்கா என்று கேலி செய்வேன்.

ஒரு வகையை மட்டும் அவர் தொடமாட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் என்று வந்தால், "கண் எரியுது, உந்தப் பக்கத்தை நீயே தட்டு" என்று பக்கத்தை என் கணினிக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். கண்ணாடியை மாற்றுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

அவருடைய கதையும் எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். புருசன் அடிக்கிற ஆள். விலா எலும்பு இரண்டு தடவை உடைந்தது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதக் காலை, அந்தாள் வேலைக்குப் போனதும் கடவுச்சீட்டையும் குக்கரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, டோர்செட் பார்க் பகுதியில் தெரிந்த ஒருத்தியின் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு அதே கட்டடத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் எடுத்துக் கடைசிவரை இருந்தார். கோட்டுக்குப் போகவில்லை, விவாகரத்தும் எடுக்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பார் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது ஆள் பாதியாகக் கிடந்தார். ஆனால் குரலில் பழைய அதிகாரம் இருந்தது.

"நான் செத்தா நீதானே அறிவித்தல் எழுதுவாய்?"

"அக்கா, உங்களுக்கு முதல் நான் போயிடுவன்."

"சும்மா அலட்டாதை. அதிலை அந்தாளின்ரை பேர் வரக்கூடாது. அந்தாளின்ரை மனிசி எண்டு என்னைப் போடக்கூடாது. விளங்குதோ? கையைத் தா."

கையைக் கொடுத்தேன். எலும்பு மட்டும் இருந்த கை, விடாமல் பிடித்திருந்தது.

மூன்று கிழமையில் போய்விட்டார். அடுத்த நாள் மத்தியானம் மூத்த மகன் ஸ்ரௌவ்வில்லிலிருந்து பிக்கரிங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், அமைதியான ஆள். கையில் பெயர்கள் எழுதிய தாள். முதல் பெயரே தகப்பனுடையது.

"தம்பி, அம்மா உந்தப் பேர் வேண்டாமெண்டு என்னட்டைச் சொன்னவ" என்றேன்.

"தெரியும் அன்ரி. போடுங்கோ."

"அடி வாங்கி வெளிக்கிட்ட மனிசி. முப்பது வருசம் தனிய இருந்தவ. உமக்குத் தெரியாததே?"

அவர் தாளை மடித்தார், விரித்தார். "நான் அங்கைதானே இருந்தனான்" என்றார். "அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போனவ. நான் ஸ்கூலாலை வர வீட்டிலை ஒருத்தரும் இல்லை. எனக்குப் பதினொரு வயசு. அதுக்குப் பிறகு அப்பாவுக்கு அடிக்கிறதுக்கு நான்தான் இருந்தனான்."

நான் அவர் கையிலிருந்த தாளை வாங்கினேன்.

"பிறகு வந்து கூப்பிட்டவ. நான் போகேல்லை. எனக்குக் கோவம்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ, என்ன போடுறது? அப்பான்ரை பேர் இல்லாட்டி ஆக்கள் கேப்பினம். அம்மா என்னை விட்டிட்டுப் போனவ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லட்டோ? அன்பு மனைவி எண்டு போட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். ஒருநாள், அன்ரி. ஒரேயொரு நாள் நாங்கள் ஒழுங்கான குடும்பம் மாதிரி நிண்டிட்டுப் போறம்."

அக்கா ஏன் மூத்த மகனை மட்டும் விட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருக்கப் பயந்தாரோ, இரண்டு பேரோடு யாரும் இடம் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ. கேட்க ஆள் இல்லை. என் முன்னால் இருந்தது பதினொரு வயதுப் பிள்ளை. நான் கணினியைத் திறந்து, அந்தப் பெயருக்குப் பின்னால் அவர்கள் என்ற மரியாதையையும் விடாமல், இன்னார் அவர்களின் அன்பு மனைவியும் என்று தட்டினேன். தகவல் என்ற இடத்தில் முதலாவதாகக் கணவர் என்று போட்டு அந்தாளின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன்.

மண்டபத்தில் அந்தாள் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். கூனிப்போன, மெலிந்த கிழவர். அறிவித்தலைப் பார்த்து வந்த சனம் வரிசையில் நின்று அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் வரிசையில் போனேன், நானும் கையைப் பிடித்தேன். "அவள் நல்ல மனிசி, பிள்ளை" என்றார். ஓம் என்றேன். என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இளைய மகன் ஒரு கடித உறையைத் தந்தார். மேலே அக்காவின் கையெழுத்தில் என் பெயர். உள்ளே அந்தக் கொப்பி.

காருக்குள் இருந்து புரட்டினேன். கேத்திலோடு போனவள் முதல் பக்கத்தில் இருந்தாள். கடைசிப் பக்கங்களில், அவர் என் பக்கம் தள்ளிவிட்ட பெண்கள். நான் தட்டி முடித்தவற்றிலிருந்து பிறகு பார்த்து எழுதியிருக்கிறார். நீல மையில் புருசன் சொன்னது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள் என்று. கீழே பென்சிலில் துப்பறிதல் ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: 'பிள்ளைக்கு என்ன வயசு எண்டு போடேல்லை.' ஒரு பக்கத்தில் அதன் கீழே அழித்து அழித்து எழுதித் தாள் கிழிந்திருந்தது. 'பதினொண்டா இருக்குமோ?'

அழுதேன். கார்க் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி படியும்வரை அழுதேன்.

பிறகு தொலைபேசியில் நான் எழுதிய அறிவித்தலைத் திறந்து, அக்கா படிக்கும் விதத்தில் படித்துப் பார்த்தேன். அந்தக் காலத்துப் புருசன்மார் கோபத்தில் எழுதினார்கள். கோபத்தில் உளறிவிட்டார்கள். அவள் போனாள் என்று ஊருக்கே சொல்லிவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து ஸ்காபரோவில் ஒருத்தி அதைப் பிடித்து அவளை வெளியே எடுத்துவிட்டாள். நான் அன்பு என்று எழுதினேன். பாசமிகு என்று எழுதினேன். இன்னும் நூறு வருடம் கழித்து யார் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அக்கா ஒரு வீட்டை விட்டுப் போனார் என்பதோ, ஒரு பிள்ளைக்காக முப்பது வருடம் கண் எரிந்தார் என்பதோ அதில் கிடைக்காது. மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினேன். அதில் ஒரு கேத்தில்கூட இல்லை.